காற்று ஆப்பு முறையில் மெல்லிய தாளின் தடிமன் அளப்பது: கடலோர ஆய்வகத்துக்கான முழு வழிகாட்டி

ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் ஊர்ப் பக்கம் எங்கள் ஆய்வக ஜன்னலைத் திறந்தால் கடல்காற்று நேரே மேசைக்கு வந்துவிடும். கூடவே உப்பும் வரும். காலையில் துடைத்து வைத்த கண்ணாடியில் மாலைக்குள் கண்ணுக்குத் தெரியாத பிசுக்கு ஏறியிருக்கும். காற்று ஆப்பு என்பது இரண்டு கண்ணாடித் தகடுகளின் நடுவே ஒரு முனையில் மட்டும் தாளை முட்டுக்கொடுத்து உண்டாக்கும் ஆப்பு வடிவக் காற்று இடைவெளி. அதில் ஒளி எதிரொளித்துக் குறுக்கிடுவதால் கரும்பட்டையும் ஒளிப்பட்டையும் மாறி மாறித் தெரியும், அந்தப் பட்டைகளை அளந்து தாளின் தடிமனைக் கணக்கிடலாம். பாடப்புத்தகத்தில் இந்தக் காற்று ஆப்புச் சோதனை ஒரு பக்கத்தில் முடிந்துவிடுகிறது. இங்கே அதைச் செய்ய வரும் மாணவர்கள் இரண்டு வாரம் ஒரே இடத்தில் தடுமாறுவதை ஆண்டுதோறும் பார்க்கிறேன். அந்த இடங்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். சூத்திரம் உங்களுக்கு முன்பே தெரிந்திருக்கும். எந்த வேலையை எதற்கு முன் செய்ய வேண்டும் என்பதுதான் பலருக்குத் தெரிவதில்லை.

1. எவ்வளவு மெல்லியது என்று முதலில் ஊகியுங்கள்

இந்த ஒளிக் குறுக்கீட்டு முறை எல்லாத் தடிமனுக்கும் ஒன்றுபோல் வேலை செய்யாது. எனவே கையிலுள்ள பொருளின் தடிமன் தோராயமாக எவ்வளவு இருக்கும் என்று திருகு அளவியில் ஒருமுறை பாருங்கள்.

திருகு அளவியின் மீச்சிற்றளவு (அதில் அளக்கக்கூடிய மிகச் சிறிய அளவு) 0.01 மி.மீ., அதாவது 10 மைக்ரான். 50 மைக்ரான் பாலித்தீன் தாளை அதில் வைத்தால் ஐந்து பிரிவு காட்டும். ஒரு பிரிவு தவறினாலே ஐந்தில் ஒரு பங்கு பிழை. அந்த அளவுக்குத்தான் அதை நம்பலாம்.

இந்தப் பிழை வெறும் தேர்வு மதிப்பெண் சமாச்சாரம் இல்லை. கைப்பை பாலித்தீனுக்கு மத்திய அரசு விதி 2016இல் குறைந்தது 50 மைக்ரான் என்று வைத்தது. 2021 செப்டம்பர் 30 முதல் அது 75 ஆனது, 2022 டிசம்பர் 31 முதல் 120 ஆனது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பைகளுக்குத் தடிமன் பாராத தடையே இருக்கிறது. ஒரு தாள் 50ஆ 60ஆ என்று சொல்லத் திருகு அளவியால் முடியாது. காற்று ஆப்பால் முடியும்.

ஐந்து மைக்ரானிலிருந்து 120 மைக்ரான் வரை காற்று ஆப்பு நன்றாகக் கைகொடுக்கும். பாலித்தீன் தாள், சமையலறை அலுமினியத் தாள், தலைமுடி, வலை நூலிலிருந்து பிரித்த ஒற்றை இழை எல்லாம் இதற்குள் வரும். ஒரு மைக்ரானுக்கும் கீழே, கண்ணாடிமேல் பூசிய படலம் என்றால் வேறு வழி வேண்டும். அதைப் பதினொன்றாம், பன்னிரண்டாம் பகுதிகளில் சொல்கிறேன். ஆனாலும் முதல் பத்தையும் செய்துவிட்டு அங்கே போங்கள். கை பழகாமல் அங்கே போனால் ஒன்றும் தெரியாது.

2. எடுத்து வைக்க வேண்டியவை

சோடியம் ஆவி விளக்கு, ஒளியை இணைக்கதிராக்கும் குவிலென்ஸ், ஒளியியல் சமதளக் கண்ணாடித் தகடுகள் இரண்டு, ஒளியைக் கீழ்நோக்கித் திருப்ப 45 பாகையில் சாய்த்துப் பொருத்தும் கண்ணாடித் தகடு, நகரும் நுண்ணோக்கி. இவை ஆய்வகத்தில் இருக்கும்.

பெரும்பாலும் மறந்துபோகிறவை வேறு: புதிய சவர பிளேடு, காய்ச்சி வடித்த தண்ணீர், ஸ்பிரிட், லென்ஸ் துடைக்கும் தாள், காற்று ஊதும் ரப்பர் குமிழ், கைலென்ஸ், ஒரே அளவில் இரண்டு மெல்லிய ரப்பர் வளையம், கைப்பேசி டார்ச், ஒரு துண்டு பட்டர் பேப்பர். கடைசி இரண்டும் எதற்கு என்று ஐந்தாம் பகுதியில் தெரியும். இந்தச் சோதனையின் உயிரே அங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

சோடியம் விளக்கை முதலிலேயே போட்டுவிடுங்கள். தொடக்கத்தில் அது சிவப்பாக எரியும். உள்ளே இருக்கும் நியான் வாயுவின் நிறம் அது. சோடியம் சூடாகி ஆவியாக ஆவியாக மஞ்சளுக்கு மாறும். முழு மஞ்சள் வரப் பத்து நிமிடம் ஆகும், அதற்குள் கண்ணாடியைக் கழுவி முடிக்கலாம். நடுவில் அணைத்து அணைத்துப் போடாதீர்கள். ஒவ்வொரு முறையும் காத்திருக்க வேண்டும், விளக்கின் ஆயுளும் குறையும்.

3. கண்ணாடியைக் கழுவுவது

இதற்கு நேரம் ஒதுக்குங்கள். அளக்கப் போகும் தடிமன் 50 மைக்ரான் என்றால் ஐந்து மைக்ரான் தூசி பத்து சதவீதப் பிழை. தலைக்கு எண்ணெய் வைத்த கையால் தொட்ட ரேகைகூடக் கணக்கில் வந்துவிடும்.

முதலில் குமிழால் காற்று ஊதி மணலையும் தூசியையும் அகற்றுங்கள். மணல் இருக்கும்போதே துடைத்தால் சமதளத்தில் கீறல் விழும், அந்தத் தகடு அதோடு போச்சு. வாயால் ஊதாதீர்கள், எச்சில் துளி தெறித்துக் காய்ந்து புள்ளியாக நிற்கும்.

அடுத்து, சோப்பு நீரில் விரல் நுனியால் மெதுவாகத் தேய்த்துக் கழுவுங்கள். அப்புறம்தான் பலர் தவறுகிறார்கள். குழாய்த் தண்ணீரில் அலசிவிட்டு அப்படியே காய வைப்பார்கள். நம் பக்கத்து ஆழ்துளைக் கிணற்று நீர் பல இடங்களில் உவர்நீர். ஒரு சொட்டு காய்ந்தால் வெள்ளை வளையம் நிற்கும், அந்த வளையமே சில மைக்ரான் உயரம் இருக்கும். ஆகவே கடைசி அலசல் கட்டாயம் காய்ச்சி வடித்த தண்ணீரில். பேட்டரிக்கு ஊற்ற விற்கும் தண்ணீர் போதும்.

அலசிய தகட்டை வடிதாளின்மேல் விளிம்பில் நிறுத்தி நீர் வடியவிடுங்கள். ஈரம் போனதும் லென்ஸ் தாளில் இரண்டு சொட்டு ஸ்பிரிட் விட்டு, ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஒரே இழுப்பு. வட்டமாகத் தேய்த்தால் அழுக்கு சுற்றிச் சுற்றி அதே இடத்துக்கு வரும். கைக்குட்டை, துண்டு எதுவும் வேண்டாம், நூல் துணுக்கு ஒட்டும். இனித் தகட்டை ஓரங்களில் மட்டும் பிடியுங்கள்.

கச்சான் காற்று வீசும் மாதங்களில் காற்று வரும் பக்கத்து ஜன்னலைச் சாத்திவிடுங்கள். ஆப்பு கட்டி முடிக்கும்வரை மின்விசிறியும் வேண்டாம். வியர்க்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். வியர்வை தகட்டில் சொட்டாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பூஞ்சை பிடித்த தகடு ஒன்றாவது நம் பக்க ஆய்வகங்களில் இருக்கும். கைலென்ஸில் பார்த்தால் சிலந்தி வலைபோலக் கிளை கிளையாகத் தெரியும். லேசானதைக் கழுவி எடுக்கலாம். கண்ணாடியே அரிக்கப்பட்டு மங்கியிருந்தால் அந்தத் தகட்டை இந்தச் சோதனைக்கு எடுக்காதீர்கள்.

4. தாளை வெட்டி ஆப்பு கட்டுவது

தாளிலிருந்து நாலைந்து மி.மீ. அகலத்தில், தகட்டின் அகலத்துக்குக் கொஞ்சம் குறைவான நீளத்தில் ஒரு பட்டி வெட்டுங்கள். கத்தரிக்கோல் வேண்டாம். அது தாளை நசுக்கி வெட்டும், வெட்டு விளிம்பு பிசிறாக மேலே எழும்பி நிற்கும். மேல்தகடு உட்காரப் போவதே அந்த விளிம்பில்தான். எனவே தாளைக் கண்ணாடிமேல் விரித்து, புதிய பிளேடால் ஒரே இழுப்பில் வெட்டுங்கள். பாலித்தீனை இழுத்துப் பிடித்து வெட்டக் கூடாது, இழுபட்ட இடம் மெலிந்து சுருளும்.

கீழ்த்தகட்டை மேசையில் வையுங்கள். அதன் ஒரு முனையில் பட்டியை, எதிர் முனைக்கு இணையாக இருக்குமாறு படிய வையுங்கள். மேல்தகட்டை இறக்கும்போது பட்டி இல்லாத முனையை முதலில் தொடவிட்டு, பிறகு மெல்லப் பட்டியின்மேல் சாயவிடுங்கள். இரண்டு தகடும் தொடும் அந்தக் கோட்டைத் தொடுகோட்டு விளிம்பு என்று வைத்துக்கொள்வோம். ஒரு முனையில் தடிமன் பூச்சியம், மறுமுனையில் தாளின் தடிமன். நடுவில் ஆப்பு வடிவில் காற்று. இவ்வளவுதான் கருவி.

ரப்பர் வளையங்களில் ஒன்றைத் தொடுகோட்டு விளிம்புக்கு நேர் மேலேயும், இன்னொன்றைப் பட்டிக்கு நேர் மேலேயும் போடுங்கள். நடுவில் போட்டால் தகடு வளைந்து பட்டைகள் வில்போல் வளையும். இறுக்கமான வளையமும் வேண்டாம். பாலித்தீன் மெத்தென்றது, அழுத்தினால் அமுங்கும்.

5. தொடுகோட்டு விளிம்பு உண்மையிலேயே தொடுகிறதா?

பெரும்பாலானவர்கள் இதைச் சோதிக்காமலே சோடியம் ஒளிக்குப் போய்விடுகிறார்கள். பட்டை தெரிகிறது, எண்ணுகிறார்கள், விடை வருகிறது. அந்த விடை தவறு என்று காட்ட அதற்குள் எதுவும் இருப்பதில்லை.

தங்கச்சிமடத்திலிருந்து வரும் ஒரு மாணவி போன பருவத்தில் என்னிடம் வந்தார்.

“சார், 43 மைக்ரான் வருது. மூணு தடவை எடுத்துட்டேன், அதே 43தான்.”

“பட்டையெல்லாம் விளிம்புக்கு இணையா நிக்குதாம்மா?”

“லேசா சாஞ்சிருக்கு சார். ஆனா நேர்கோடாத்தான் இருக்கு.”

ஆப்பைப் பிரித்து, கீழ்த்தகட்டின் தொடு விளிம்பைக் கைலென்ஸில் பார்க்கச் சொன்னேன். இடது மூலையில் ஒரு துகள். வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்தபோது அதன் பக்கங்கள் சதுரமாக மின்னின. உப்புப் படிகம்தான், குறுணையிலும் குறுணை. கழுவிவிட்டு மறுபடி கட்டினார், 51 வந்தது. அந்தத் துகள் பூச்சிய முனையைத் தூக்கிப் பிடித்திருந்தது. அதனால் ஆப்பின் கோணம் குறைந்தது, தடிமனும் எட்டு மைக்ரான் குறைந்தது. அதே ஆப்பை மூன்று தடவை இல்லை, முப்பது தடவை அளந்திருந்தாலும் அதே 43தான் வந்திருக்கும்.

இதைக் கண்டுபிடிக்க ஐந்து நிமிடச் சோதனை ஒன்று இருக்கிறது. சோடியம் விளக்கை மறைத்துவிட்டு, கைப்பேசி டார்ச்சின் முன் பட்டர் பேப்பரைப் பிடித்து, 45 பாகைக் கண்ணாடி வழியாக வெள்ளை ஒளியை ஆப்பின்மேல் விழவிடுங்கள். நுண்ணோக்கியைத் தொடுகோட்டு விளிம்புக்கு மேலே கொண்டுபோய்ப் பாருங்கள்.

சரியாகத் தொட்டிருந்தால் விளிம்பில் ஒரு கரும்பட்டை தெரியும். அதை அடுத்து சாம்பல், வெள்ளை, மஞ்சள், சிவப்பு. பிறகு ஊதா, நீலம், பச்சை, மறுபடி மஞ்சள், சிவப்பு. அதற்கு அப்பால் வெளிறிய பச்சையும் இளஞ்சிவப்புமாக ஓரிரு பட்டை, பிறகு ஒன்றுமில்லை. படகுத்துறையில் கசிந்த டீசல் தண்ணீர்மேல் படர்ந்து காட்டும் நிறங்களைப் பார்த்திருப்பீர்கள், அதே குடும்பம்தான்.

வெள்ளை ஒளியில் எல்லா அலைநீளமும் கலந்திருப்பதால் காற்று இடைவெளி ஓரிரு மைக்ரானைத் தாண்டியதும் ஒன்றன் பட்டைமேல் இன்னொன்று விழுந்து கலங்கிவிடும். ஆகவே வண்ணம் தெரிகிற இடத்தில் இடைவெளி ஓரிரு மைக்ரானுக்குள் இருக்கிறது என்று அர்த்தம். விளிம்பில் வண்ணமே இல்லையென்றால் தகடுகள் அங்கே தொடவில்லை. பிரித்துக் கழுவி மறுபடி கட்டுங்கள். வண்ணம் ஒரு மூலையில் மட்டும் இருந்தால் மறு மூலையில் துகள் உட்கார்ந்திருக்கிறது. வண்ணம் இருந்து கரும்பட்டை மட்டும் இல்லையென்றால் பிழை ஓரிரு மைக்ரானுக்குள்தான், பாலித்தீனுக்குப் பரவாயில்லை.

விளிம்பு ஏன் கருப்பு என்று கேட்பீர்கள். மேல்தகட்டின் அடிப்பக்கத்தில் ஒளி கண்ணாடியிலிருந்து காற்றுக்குப் போகும்போது எதிரொளிக்கிறது, அங்கே கட்ட மாற்றம், அதாவது அலையின் ஏற்ற இறக்கம் இடம் மாறுவது, இல்லை. கீழ்த்தகட்டின் மேற்பக்கத்தில் காற்றிலிருந்து கண்ணாடியில் பட்டு எதிரொளிக்கிறது, அங்கே அரை அலை மாற்றம் உண்டு. இடைவெளி பூச்சியமானாலும் இரண்டும் எதிரெதிராக நின்று ஒன்றையொன்று அழித்துவிடும்.

இதே சோதனையில் இன்னொரு நன்மையும் உண்டு. தகடுகளின் ஓரம் உடையாமலிருக்க விளிம்பைச் சாய்வாகத் தேய்த்திருப்பார்கள். அதனால் உண்மையான தொடுகோடு கண்ணாடியின் ஓரத்தில் இல்லாமல் அரை மி.மீ., ஒரு மி.மீ. உள்ளே தள்ளி இருக்கும். கரும்பட்டை எங்கே நிற்கிறதோ அதுதான் உங்கள் பூச்சியம். அந்த இடத்தின் நுண்ணோக்கி அளவீட்டை இப்போதே எழுதிக்கொள்ளுங்கள், எட்டாம் பகுதியில் வேண்டும்.

6. சோடியம் ஒளிக்கு மாறுவது

விளக்கு, குவிலென்ஸ், 45 பாகைக் கண்ணாடி மூன்றும் ஒரே உயரத்தில் இருக்கட்டும். நுண்ணோக்கியில் பார்த்தபடியே 45 பாகைக் கண்ணாடியைச் சற்றுத் திருப்புங்கள். பார்வைப்புலம் முழுவதும் ஒரே சீராக மஞ்சளாகும் இடத்தில் நிறுத்துங்கள். ஒளி செங்குத்தாக விழவேண்டும். சாய்ந்து விழுந்தால் எதிரொளித்து வரும் இரண்டு கதிர்களின் பாதை வேறுபாடு மாறும், நம் சூத்திரம் பொருந்தாது.

குவியப்படுத்துவதில் ஒரு வழக்கமான தவறு. பட்டையைத் தேடும்போது மேல்தகட்டின் மேற்பரப்பில் இருக்கும் தூசி பளிச்சென்று தெரியும். ‘சரி, தெளிவாத்தான் தெரியுது’ என்று அங்கேயே நின்றுவிடுவார்கள். பட்டைகள் இருப்பது இரண்டு தகட்டுக்கும் நடுவில். நுண்ணோக்கியைத் தகட்டுக்கு அருகில் இறக்கிவிட்டு, கண்ணை வைத்தபடி மெல்ல மேலே ஏற்றுங்கள். அப்படி ஏற்றினால் தூசிக்கு முன்பே பட்டைகள் வந்துவிடும்.

பட்டைகள் தொடுகோட்டுக்கு இணையாக, நேராக, சம இடைவெளியில் நிற்க வேண்டும். சாய்ந்திருந்தால் பட்டி கோணலாக இருக்கிறது அல்லது துகள் இருக்கிறது. வளைந்திருந்தால் ரப்பர் வளையத்தைப் பாருங்கள். நுண்ணோக்கியின் குறுக்குக் கம்பிகளில் ஒன்றைப் பட்டைக்கு இணையாகத் திருப்பிவைத்த பிறகுதான் அடுத்த படி.

7. பட்டை அகலம் எடுப்பது

ஒரு பட்டையின் அகலம், அதாவது ஒரு கரும்பட்டையின் நடுவிலிருந்து அடுத்த கரும்பட்டையின் நடுவு வரை, கால் மி.மீ. அளவே இருக்கும். நுண்ணோக்கியின் மீச்சிற்றளவு 0.01 மி.மீ. ஒற்றைப் பட்டையை அளந்தால் நான்கு சதவீதப் பிழை அங்கேயே வந்துவிடும். இருபது பட்டையைச் சேர்த்து அளந்து இருபதால் வகுத்தால் அதே பிழை 0.2 சதவீதமாகச் சுருங்கும்.

தெளிவான ஒரு கரும்பட்டையைப் பூச்சியமாக வைத்து, ஐந்து ஐந்தாக நகர்ந்து 35 வரை அளவீடு எடுங்கள். கம்பி எப்போதும் பட்டையின் நடுவில் நிற்கட்டும். ஒருவர் பார்க்க, மற்றவர் எழுதட்டும். தனியாகச் செய்கிறவர் எழுதக் குனிந்து நிமிர்வதற்குள் எண்ணிக்கையை விட்டுவிடுவார்.

திருகை ஒரே திசையில் மட்டும் திருப்புங்கள். பட்டையைத் தாண்டிப் போய்விட்டால் கொஞ்சம் திருப்பிக்கொள்ளலாம் என்று தோன்றும். வேண்டாம். திருகின் மரைக்கு இடையிலுள்ள தளர்வால் திருகு திரும்பும், நுண்ணோக்கி நகராது. தாண்டிவிட்டால் நாலு பட்டை பின்னே போய், பழைய திசையிலேயே மறுபடி வாருங்கள்.

நுண்ணோக்கியின் முதன்மை அளவுகோலில் ஒரு பிரிவு 0.5 மி.மீ. என்பதை மறக்காதீர்கள். 38.0ஐத் தாண்டி அரைக்கோட்டை எட்டாமல் இருந்தால், வெர்னியர் ஒன்றிப்பு (முதன்மை அளவுகோலின் கோட்டோடு நேராகப் பொருந்தும் வெர்னியர் கோடு) 12 எனும்போது அளவீடு 38.12. அரைக்கோட்டையும் தாண்டியிருந்தால் 38.62. கணக்கு எங்கோ அரை மி.மீ. குதித்தால் தவறு இங்கேதான்.

ஒரு மாதிரி அளவீடு, மி.மீட்டரில். 0ஆம் பட்டை 38.12, 5ஆம் பட்டை 39.35, 10ஆம் பட்டை 40.58, 15ஆம் பட்டை 41.82, 20ஆம் பட்டை 43.04, 25ஆம் பட்டை 44.28, 30ஆம் பட்டை 45.49, 35ஆம் பட்டை 46.74. இருபது பட்டை இடைவெளியில் சோடி சேர்த்துக் கழித்தால் 4.92, 4.93, 4.91, 4.92. சராசரி 4.92, பட்டை அகலம் 0.246 மி.மீ. நான்கு வேறுபாடும் ஒன்றையொன்று ஒட்டி இருப்பதைப் பாருங்கள். ஒன்று மட்டும் 5.17 என்று வந்தால் அங்கே ஒரு பட்டை கூடுதலாக எண்ணப்பட்டிருக்கிறது.

8. தூரம் அளப்பது

தொடுகோட்டிலிருந்து பட்டியின் உள்விளிம்பு வரை உள்ள தூரம்தான் வேண்டும். வெளிவிளிம்பும் இல்லை, பட்டியின் நடுவும் இல்லை. மேல்தகடு சாய்ந்து ஏறுவதால் பட்டியில் முதலில் எதிர்ப்படும் உள்விளிம்பில்தான் உட்காருகிறது, அதற்கு அப்பால் பட்டியைத் தொடுவதே இல்லை.

அடிக்கோல் வைத்து அளக்காதீர்கள். அரை மி.மீ. தவறினாலே ஒரு சதவீதத்துக்கு மேல் பிழை. பட்டை அகலத்தை அவ்வளவு பாடுபட்டு 0.2 சதவீதத்துக்குக் கொண்டுவந்தது வீணாகிவிடும். வெள்ளை ஒளியில் குறித்த கரும்பட்டையின் அளவீடு கையில் இருக்கிறது. அதே நுண்ணோக்கியைப் பட்டியின் உள்விளிம்புக்கு நகர்த்தி இன்னொரு அளவீடு எடுத்துக் கழித்துவிடுங்கள். நம் மாதிரியில் 42.6 மி.மீ. கண்ணாடி ஓரத்திலிருந்து அளந்து 0.8 மி.மீ. கூடிப்போயிருந்தால் விடையில் ஒரு மைக்ரான் கூடியிருக்கும்.

9. கணக்கு

தடிமன் = (அலைநீளம் × தூரம்) ÷ (2 × பட்டை அகலம்)

சோடியம் ஒளியின் சராசரி அலைநீளம் 589.3 நானோமீட்டர், அதாவது 0.0005893 மி.மீ. அதை 42.6ஆல் பெருக்கினால் 0.025104. அதை 0.492ஆல் வகுத்தால் 0.0510 மி.மீ. ஆக, 51 மைக்ரான்.

கீழே அந்த 2 ஏன்? ஒளி காற்று இடைவெளியை இறங்கி, ஏறி, இரண்டு முறை கடக்கிறது. எனவே ஒரு கரும்பட்டையிலிருந்து அடுத்ததற்குப் போக இடைவெளி அரை அலைநீளம், சுமார் 295 நானோமீட்டர், கூடினால் போதும். 2ஐ விட்டுவிட்டால் விடை இரட்டிப்பாகும். திருகு அளவியில் முதலில் பார்த்து வைத்தது இங்கே காப்பாற்றும்.

‘பாலித்தீனோட ஒளிவிலகல் எண்ணை எங்க போடணும்?’ என்று ஒவ்வொரு ஆண்டும் யாராவது கேட்பார்கள். எங்கும் போட வேண்டாம். ஒளி பாலித்தீனுக்குள் போகவே இல்லை. அது வெறும் முட்டுக்கட்டை, பட்டை உண்டாவது காற்றில்.

10. பட்டை மங்கிப்போனால்

வலைக்குப் பயன்படும் தங்கூசி நரம்பை அளந்து பார்க்க இங்கே பலருக்கும் ஆசை வரும். வீட்டிலேயே கிடக்கிறதே! 0.2 மி.மீ. நரம்பை வைத்தால் பட்டை அகலம் 0.06 மி.மீட்டருக்குச் சுருங்கிவிடும், எண்ணிக் கண் வலிக்கும். அது மட்டுமல்ல, தொடுகோட்டிலிருந்து 31 மி.மீ. தள்ளிப் போனதும் பட்டைகளே மறையும். இன்னும் போனால் மறுபடி முளைக்கும்.

மாணவர்கள் இதைக் கருவிக் கோளாறு என்று நினைத்து எல்லாவற்றையும் பிரித்துப் போட்டுவிடுகிறார்கள். காரணம் விளக்கில்தான் இருக்கிறது. சோடியம் மஞ்சள் என்பது 589.0, 589.6 நானோமீட்டர் என்ற இரண்டு வரிகள். இடைவெளி சுமார் 0.145 மி.மீ. ஆகும்போது ஒன்றன் கரும்பட்டைமேல் மற்றதன் ஒளிப்பட்டை சரியாக விழுந்து இரண்டும் அழிந்துபோகின்றன. 120 மைக்ரான் தாளிலும் பட்டி இருக்கும் முனையில் இந்த மங்கல் தெரியும். பூச்சிய முனைக்கு அருகிலேயே அளந்துகொண்டால் தொல்லையில்லை. ஆப்பு சீரானது, பட்டை அகலம் எங்கே அளந்தாலும் ஒன்றே. நரம்புக்குத் திருகு அளவியே போதும். ஒளியால் அளந்தே தீரவேண்டும் என்றால் முறுக்கு நூலைப் பிரித்து ஒற்றை இழையை எடுங்கள்.

11. ஒரு மைக்ரானுக்குக் கீழே: படி முறை

கண்ணாடிமேல் பூசிய படலத்தை வெட்டி எடுத்து முட்டுக்கொடுக்க முடியாது. அதற்குப் படலத்தில் ஒரு படி வேண்டும். பூசும் முன்பே கண்ணாடியின் பாதியை மூடிவைத்து, பூசிய பின் எடுத்துவிட்டால் ஒரு பக்கம் படலம், மறுபக்கம் வெறுங்கண்ணாடி, நடுவில் கூரான எல்லை. பூசிய பிறகு சுரண்டிப் படி உண்டாக்காதீர்கள், ஓரத்தில் குப்பை மேடு எழும்பும்.

இதன்மேல் சமதளத் தகட்டை வைத்து ஆப்பு கட்டுங்கள். பட்டைகள் படியைக் குறுக்காகக் கடந்து போகும்படி ஆப்பின் திசை இருக்கட்டும். முட்டுக்கு அலுமினியத் தாள் போடலாம். 10 மைக்ரான் அளவுக்கு மெல்லிய தாள் என்றால் பட்டை ஒரு மி.மீட்டருக்கு மேல் அகலமாக விரியும், நகர்வு நன்றாகத் தெரியும்.

படலம் உள்ள பக்கத்தில் காற்று இடைவெளி குறைவு. எனவே பட்டை அங்கே தொடுகோட்டை விட்டு விலகி உடைந்து நிற்கும். பட்டை எவ்வளவு நகர்ந்தது என்பதைப் பட்டை அகலத்தால் வகுத்து அரை அலைநீளத்தால் பெருக்கினால் படலத்தின் தடிமன். பட்டை அகலம் 1.20 மி.மீ., நகர்வு 0.54 மி.மீ. என்றால் 0.45 பட்டை, ஏறக்குறைய 133 நானோமீட்டர்.

இரண்டு எச்சரிக்கை. ஒளி புகும் படலமானால் ஒளி அதற்குள்ளும் போய்வரும். உலோகமானால் அதிலும் கண்ணாடியிலும் எதிரொளிப்பின் கட்ட மாற்றம் வேறு வேறு. இரண்டுக்கும் ஒரே மருந்து: படலம், வெறுங்கண்ணாடி இரண்டின்மேலும் ஒரே அலுமினியப் பூச்சை வெற்றிடத்தில் ஏற்றுவது. மேல்தகட்டின் அடிப்பக்கத்திலும் பாதி ஒளி புகும் பூச்சு இருந்தால் பட்டைகள் கோடுபோல் கூர்மையாகும். பூச்சு இல்லாத தகட்டில் பட்டையின் பத்தில் ஒரு பங்குக்கு, அதாவது 30 நானோமீட்டருக்குக் கீழே கண்ணை நம்பாதீர்கள்.

அடுத்தது, நகர்வு 0.45 பட்டையா, 1.45 பட்டையா என்று சோடியம் ஒளி சொல்லாது, எல்லாப் பட்டையும் ஒன்றுபோல் இருக்கும். தொடுகோட்டுக்கு அருகே வெள்ளை ஒளியில் பாருங்கள். படியின் இரு பக்கமும் ஒரே நிற வரிசையைப் பொருத்திப் பார்த்தால் முழுப் பட்டை எத்தனை தாண்டியது என்று தெரிந்துவிடும்.

12. நிறமாலைமானி இருந்தால்

ஒளி புகும் படலத்துக்குப் படியே இல்லாமல் அளக்கலாம். ஒவ்வொரு அலைநீளத்திலும் எவ்வளவு ஒளி படலத்தைக் கடக்கிறது என்று நிறமாலைமானி காட்டும் ஒளி ஊடுருவல் வரைபடத்தில் அலை அலையாக ஏற்ற இறக்கம் வரும். அடுத்தடுத்த இரண்டு முகடுகளின் அலைநீளங்களை எடுத்துக்கொள்ளுங்கள்.

தடிமன் = (முதல் அலைநீளம் × இரண்டாம் அலைநீளம்) ÷ (2 × ஒளிவிலகல் எண் × அலைநீளங்களின் வேறுபாடு)

ஒளிவிலகல் எண் 2.0, முகடுகள் 600, 500 நானோமீட்டர் என்றால் 750 நானோமீட்டர் வரும். இங்கே ஒளி படலத்துக்குள் போய்வருகிறது, ஆகவே ஒளிவிலகல் எண் கட்டாயம். அந்த எண் அலைநீளத்தோடு மாறும் என்பதால் படலம் ஒளியை உறிஞ்சாத பகுதியில் உள்ள முகடுகளையே எடுங்கள். முகடே வரவில்லையென்றால் படலம் மிக மெல்லியதாக இருக்கலாம், அல்லது மேற்பரப்பு சொரசொரப்பாக இருந்து ஒளி சிதறலாம்.

13. எடுத்து வைப்பது

வேலை முடிந்ததும் ஆப்பை அப்படியே கட்டிப் போட்டுவிட்டுப் போகாதீர்கள். வாடைக் காலத்து ஈரத்தில் இரண்டு தகடும் ஒட்டிக்கொள்ளும், ரப்பரும் இளகிக் கறை பிடிக்கும். பிரித்து, மூன்றாம் பகுதியில் சொன்னபடி கழுவி, நன்றாகக் காய்ந்த பிறகு தனித்தனியாக லென்ஸ் தாளில் சுற்றி, சிலிக்கா ஜெல் போட்ட மூடிய பெட்டியில் வையுங்கள்.

ஜெல் நீலமாக இருக்கும்வரை ஈரத்தை உறிஞ்சும். இளஞ்சிவப்பாகிவிட்டால் ஆய்வக அடுப்பில் 120 பாகை செல்சியஸ் அளவில் வைத்து எடுங்கள், நீலம் திரும்பும். வீட்டுச் சட்டியில் வறுக்க வேண்டாம். அந்த நிறத்தைத் தரும் கோபால்ட் குளோரைடு நஞ்சு.